கீழ்மலையில் கடுக்காய்: மரம் அறிவது முதல் பொடி இடிப்பது வரை

தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர், ஆடலூர் என்று கொடைக்கானல் கீழ்மலைப் பக்கம் புதிதாக இடம் வாங்கி வருகிறவர்கள் முதலில் காபியைப் பற்றிக் கேட்பார்கள். பிறகு மிளகு, பிறகு மலைவாழை. கடுக்காயைப் பற்றி யாரும் கேட்பதில்லை. வேலியோரம் நிற்கும் மரத்தை ஏதோ காட்டு மரம் என்று விட்டுவிட்டு, வத்தலக்குண்டு நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடிப் பொட்டலம் வாங்கிக்கொண்டு மலையேறுகிறவர்கள் உண்டு. மரம் தெரியாதவர்களுக்கும், மரம் இருந்தும் காயை என்ன செய்வது என்று தெரியாதவர்களுக்கும் இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடுக்காய் செய்யும் வேலைகளில் பெரும்பகுதி ஒரே குணத்திலிருந்து வருகிறது: துவர்ப்பு. அந்தத் துவர்ப்புச் சத்து புரதத்தைக் கண்டால் பிடித்துக்கொள்ளும், இரும்பைக் கண்டால் கறுக்கும். ஈறு இறுகுவதும், தோல் பதப்படுவதும், மை கறுப்பதும், சத்து மாத்திரை வேலை செய்யாமல் போவதும் இந்த இரண்டால்தான். இது மனத்தில் இருந்தால் எதை எதோடு சேர்க்கலாம், எதோடு சேர்க்கக் கூடாது என்பது தானாகவே பிடிபடும்.

மரத்தை அடையாளம் காணுங்கள்

கடுக்காயின் தாவரவியல் பெயர் டெர்மினேலியா செபுலா. மருது, கருமருது, தான்றி, ஊர்ப்பக்கம் வீட்டு வாசலில் நிற்கும் நாட்டு வாதுமை எல்லாம் இதன் பங்காளிகள். சித்தரேவிலிருந்து பெரும்பாறை வழியாகத் தாண்டிக்குடிக்கு ஏறும் பாதையில் இருப்பது போன்ற வறண்ட சரிவுக் காடுகள்தான் இதற்கு ஏற்ற இடம். உயரம் கூடக் கூட அரிதாகும். உறைபனி விழும் மேல்மலையில், பூம்பாறை, மன்னவனூர்ப் பக்கம், தேடி அலைய வேண்டாம்.

நன்றாக வளர்ந்த மரம் 15 முதல் 25 மீட்டர் வரை போகும். பட்டை கரும்பழுப்பு, நீளவாக்கில் வெடித்திருக்கும். இலைகள் ஏறத்தாழ எதிரெதிராக அமைந்திருக்கும், ஆனால் கச்சிதமாக ஒன்றுக்கு நேர் ஒன்று என்று இருக்காது. இலைக்காம்பு முடிந்து இலை தொடங்கும் இடத்தை விரலால் தடவிப் பாருங்கள், இரண்டு சின்னஞ்சிறு முண்டுகள் தட்டுப்படும். அவை சுரப்பிகள். இது நல்ல அடையாளம்தான், ஆனால் இதை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள், பங்காளி மரங்களிலும் இதைப் போல இருக்கும்.

கோடை தொடங்கும் முன் இலை உதிர்ந்து, புதுத்தளிரோடு சேர்ந்து வெளிர்மஞ்சள் பூக்கதிர்கள் வரும். பூவின் வாடை பலருக்குப் பிடிக்காது. மரத்தடியில் கட்டில் போடுவதாக எண்ணம் இருந்தால் அந்தச் சில வாரங்கள் மட்டும் இடம் மாற்றிக்கொள்ளலாம்.

காய்தான் கடைசிச் சாட்சி. பச்சையாக இருக்கும்போது வழவழவென்று இருக்கும். காய்ந்ததும் நீளவாக்கில் ஐந்து வரிகள் எழும்பும். புதியவர்கள் குழப்பிக்கொள்வது தான்றியோடு. தான்றிக்காய் உருண்டையாக, மேலே சாம்பல் நிற வெல்வெட் பூசியதுபோல இருக்கும், அதன் இலைகள் கிளை நுனியில் கொத்தாக நிற்கும். இரண்டு காயையும் ஒருமுறை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டால் பிறகு தவறாது.

மரத்தில் இன்னொரு விஷயமும் கண்ணில் படும். இலைகளிலும் இளங்கிளைகளிலும் பூச்சி முட்டையிட்டதால் உப்பிய, உள்ளே வெற்றிடமான புடைப்புகள். நாட்டு மருந்துக் கடையில் 'கடுக்காய்ப்பூ' என்று கேட்டால் கொடுப்பது இதைத்தான். மரத்தில் பூக்கும் பூ வேறு, இது வேறு.

காயை எங்கிருந்து எடுப்பது

காட்டுக்குள் போய்ப் பொறுக்காதீர்கள். கொடைக்கானல் காடுகளின் பெரும்பகுதி 2013இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி, சிறு வனமகசூல் சேகரிக்கும் உரிமை அங்கே தலைமுறைகளாக வாழும் பளியர் போன்ற மக்களுக்கு உரியது. நமக்கு அல்ல. அவர்களிடமோ அவர்களுடைய சங்கங்களிடமோ காசு கொடுத்து வாங்குவதே முறை. 2013-14இல் மத்திய அரசு கொண்டுவந்த சிறு வனமகசூலுக்கான குறைந்தபட்ச ஆதரவு விலைத் திட்டத்தில் கடுக்காயும் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டி அடிமாட்டு விலைக்குக் கேட்காதீர்கள். பொறுக்கி, காயவைத்து, தலைச்சுமையாகக் கொண்டுவரும் உழைப்புக்கு அந்த விலை ஈடாகாது.

சொந்தப் பட்டா நிலத்தில் மரம் இருந்தால் நல்லது. காயை எடுக்கலாம். மரத்தை வெட்ட நினைத்தால் மட்டும் நின்று யோசியுங்கள்: 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் பட்டா மரத்துக்கும் பொருந்தும். அனுமதி இல்லாமல் கோடரி வைக்கக் கூடாது.

கார்த்திகை, மார்கழியில் காய் முற்றத் தொடங்கும். தை, மாசியில் உதிரும். மரத்தடியில் சாக்கை விரித்து, கிளையைத் தொரட்டியால் உலுக்கி எடுப்பது சிறந்தது. தரையில் விழுந்து பனியில் நனைந்து கிடந்த காயில் பூஞ்சை சீக்கிரம் ஏறிவிடும். எடுத்த காயைக் காபிக்களத்தில் பரப்பிக் காயவைக்கலாம். ஒன்றன்மேல் ஒன்று குவியாமல் இருக்கட்டும், இரவில் மூடிவையுங்கள்.

கடையில் வாங்கும்போது

பொடியாக வாங்காதீர்கள். பொடிக்குள் கொட்டை எவ்வளவு, தோல் எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. கவனம் இல்லாவிட்டால் வியாபாரி நிஜமாகவே கடுக்காய் கொடுத்துவிடுவார். முழுக்காயாக வாங்கி இந்த நான்கையும் பாருங்கள்:

1. கையில் கனமாக இருக்க வேண்டும். ஊதினால் பறக்கும் காய் வேண்டாம்.
2. ஓட்டை இருக்கக் கூடாது. குண்டூசி முனை அளவு துளை இருந்தாலும் உள்ளே வண்டு குடியிருந்திருக்கிறது என்று பொருள்.
3. தண்ணீரில் போட்டால் மூழ்க வேண்டும். வைத்தியர்கள் காலகாலமாகச் செய்துவரும் சோதனை இது.
4. ஒன்றை உடைத்துப் பாருங்கள். சதை தடிப்பாக, மஞ்சள் கலந்த பழுப்பாக, கொட்டை சிறிதாக இருந்தால் நல்ல காய். சதை கறுத்து, மக்கிய வாடை அடித்தால் வேண்டாம்.

கறுப்பாக, சுண்டுவிரல் நுனி அளவில், வரிவரியாக இருப்பது பிஞ்சுக்கடுக்காய். கொட்டை உருவாகும் முன்பே உதிர்ந்தது. அதன் உபயோகம் கொஞ்சம் வேறு, பின்னால் வருகிறேன்.

ஆயுர்வேதத்தில் விஜயா, ரோகிணி, பூதனா, அமிர்தா, அபயா, ஜீவந்தி, சேதகி என்று ஏழு வகை சொல்வார்கள். சித்த மருத்துவத்திலும் இதைப் போன்ற பட்டியல் உண்டு. புதியவர்கள் இதற்குள் இறங்க வேண்டியதில்லை. கடையில் கிடைப்பதில் நல்ல காயைப் பொறுக்கத் தெரிந்தால் போதும்.

கொட்டை நீக்குவது

'கடுக்காய்க்கு அகணி நஞ்சு, இஞ்சிக்குப் புறணி நஞ்சு' என்பது பாட்டிமார் வாக்கு. இஞ்சியில் மேல்தோலைச் சீவுவார்கள், கடுக்காயில் உள்கொட்டையை எறிவார்கள். மருந்துக்கு என்றால் இதில் விட்டுக்கொடுப்பதே கிடையாது.

அரிசி கழுவிய நீரில் காயை ஓர் இரவு ஊறவையுங்கள். சித்த வைத்தியத்தில் 'சுத்தி' என்று சொல்வது இதைத்தான். மறுநாள் சதை கொஞ்சம் இளகியிருக்கும். அம்மிக்கல்லின் மேல் காயை நிறுத்திவைத்து, குழவியால் ஒரு தட்டு. நசுக்கக் கூடாது, தட்ட வேண்டும். வரி ஓடும் இடத்தில் பிளந்து, சதை இரண்டு மூன்று துண்டாகக் கழன்று வரும். ஒட்டிக்கொண்டிருப்பதைக் கத்தியால் நெம்புங்கள். இங்கேதான் வேடிக்கை: இரும்புக் கத்தியாக இருந்தால் சற்று நேரத்தில் கத்தி முனையும் உங்கள் பெருவிரலும் ஊதாக்கறுப்பாகிவிடும். சோப்புப் போட்டாலும் உடனே போகாது, எலுமிச்சை மூடியைத் தேய்த்தால் மங்கும். காயில் இருக்கும் துவர்ப்பும் கத்தியின் இரும்பும் சேர்ந்து உங்கள் விரலிலேயே மை காய்ச்சிவிட்டன. எவர்சில்வர் கத்தி என்றால் இந்தத் தொல்லை இல்லை.

சதைத்துண்டுகளை நிழலில் நன்றாகக் காயவைத்து, ஒடித்தால் படக்கென்று முறியும் பதத்தில் மிக்சியில் அடித்து, மெல்லிய துணியில் சலியுங்கள். பொடி ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டும் குணமுடையது. கீழ்மலை மூடுபனியில் சொல்லவே வேண்டாம். ஆகவே துண்டாகக் கண்ணாடிப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு வேண்டியதை மட்டும் பொடிக்கலாம். தகர டப்பா கூடாது, காரணம் மேலே சொன்னதுதான்.

உள்ளே என்ன இருக்கிறது

காய்ந்த சதையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு டானின், அதாவது முதலில் சொன்ன துவர்ப்புச் சத்து. இது நீரில் பிளக்கும் வகை டானின். இதில் முக்கியமானவை இரண்டு: செபுலினிக் அமிலம், செபுலாஜிக் அமிலம்.

இரண்டின் அமைப்பும் கிட்டத்தட்ட ஒன்றே. நடுவில் ஒரு குளுக்கோஸ். அதன் கைகளில் செபுலிக் அமிலத் தொகுதி ஒன்று, காலிக் அமிலத் தொகுதி மூன்று. இது செபுலினிக் அமிலம்: 41 கார்பன், 32 ஹைட்ரஜன், 27 ஆக்சிஜன். அந்த மூன்று காலிக் தொகுதிகளில் இரண்டு ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டால் இரண்டு ஹைட்ரஜன் கழன்றுவிடும். 41, 30, 27. அது செபுலாஜிக் அமிலம். தண்ணீரில் கொதிக்கவைத்தாலோ நீண்ட நாள் ஊறினாலோ இவை மெல்லப் பிளந்து காலிக் அமிலமும், குளுக்கோஸும், செபுலிக் அமிலமும் தனித்தனியாக வெளிவரும். கைகோத்த அந்த ஜோடி எல்லாஜிக் அமிலமாகிவிடும். எல்லாஜிக் அமிலம் தண்ணீரில் எளிதில் கரையாது. பல நாள் வைத்த கடுக்காய் நீரின் அடியில் வெளிர்மஞ்சள் வண்டலைப் பார்த்தால், அதில் இதற்கும் பங்கு உண்டு.

காலிக் அமிலத் தொகுதியில் அடுத்தடுத்து மூன்று ஹைட்ராக்சில் இருக்கின்றன. இரும்பைப் பிடிப்பது அவைதான். ஒரு மூலக்கூறில் இப்படிப் பல தொகுதிகள் இருப்பதால் புரத இழைகளை ஒரே நேரத்தில் பல இடத்தில் பற்றி இழுக்கின்றன. கடுக்காயை நாக்கில் வைத்தால் வாய் வறண்டு இழுப்பது எதனால்? எச்சிலில் உள்ள வழுக்கும் புரதங்களை இது பிடித்துத் திரட்டிவிடுகிறது, வழுக்கல் போய்விடுகிறது. சுவை என்பதைவிடத் தொடுவுணர்வு என்றே சொல்லலாம்.

வீட்டிலேயே இரண்டையும் கண்ணால் பார்க்கலாம். ஒரு டீஸ்பூன் பொடியை ஒரு டம்ளர் வெந்நீரில் கலக்கி, பத்து நிமிடம் கழித்து வடிகட்டுங்கள். கிடைப்பது தேன்நிற நீர். அதில் பாதியை எடுத்து, நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியை ஒரு சிட்டிகை போடுங்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்பேட். நிறம் கறுக்கத் தொடங்கும், காற்றுப்பட்டால் இன்னும் ஆழமாகக் கறுக்கும். பழைய காலத்தில் எழுதும் மை காய்ச்சிய வித்தை இதுதான். மீதிப் பாதியில், தண்ணீரில் அடித்து வடிகட்டிய முட்டை வெள்ளைக்கருவைச் சில துளி விடுங்கள். தெளிந்த நீர் கலங்கித் திரிதிரியாகத் திரளும். சோதனை முடிந்ததும் இரண்டையும் கொட்டிவிடுங்கள். குடிப்பதற்கு அல்ல.

எதற்கு, எவ்வளவு

'காலையில் இஞ்சி, கடும்பகல் சுக்கு, மாலையில் கடுக்காய்' என்ற பழக்கம் தமிழ்நாட்டில் எல்லோரும் அறிந்ததுதான். அதைக் கேட்டுவிட்டு முதல் நாளே ஒரு கரண்டிப் பொடியை வாயில் போட்டுக்கொள்கிறவர்கள் மறுநாள் வேலைக்குப் போக மாட்டார்கள்.

வாய் கொப்பளிப்பதிலிருந்து தொடங்குங்கள். புதியவர்களுக்கு இதைவிட ஆபத்தில்லாத உபயோகம் இல்லை. ஒரு டீஸ்பூன் பொடியை 200 மில்லி தண்ணீரில் போட்டுப் பாதியாக வற்றும்வரை சிறுதீயில் காய்ச்சி, வடிகட்டி, ஆறியதும் கொப்பளித்துத் துப்புங்கள். மண்சட்டி அல்லது எவர்சில்வர் பாத்திரம் மட்டும். ஈறு வீக்கம், வாய்ப்புண், பல் துலக்கும்போது கசியும் இரத்தம் இவற்றுக்குக் காலகாலமாகப் பயன்படுவது. ஈறின் மேற்பரப்புப் புரதத்தை இறுக்குவதும், பல்லில் ஒட்டும் கிருமிகளின் வளர்ச்சியைத் தடுப்பதும் சேர்ந்து வேலை செய்கின்றன. கடுக்காய்ச் சாறு பல்லரிப்புக் கிருமிகளைக் கட்டுப்படுத்துவது ஆய்வுக்கூடங்களில் பார்க்கப்பட்டிருக்கிறது. அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். நெடுநாள் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறலாம். ஈறில் இரத்தம் ஒரு வாரத்தில் நிற்கவில்லை என்றால் பல் மருத்துவர்தான்.

அடுத்தது மலச்சிக்கல். உள்ளுக்குச் சாப்பிடும் அளவாக ஆயுர்வேத மருந்துகளின் தரநூல் சொல்வது பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 3 முதல் 6 கிராம் வரை. புதியவர்கள் அதை எட்டிப்பார்க்கவே வேண்டாம். கால் டீஸ்பூன், அதாவது ஒரு கிராமுக்குள், இரவு உணவு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து வெந்நீரில். ஒரு வாரம் பாருங்கள். வயிறு முறுக்கினாலோ நீராகப் போனாலோ நிறுத்துங்கள். திரிபலாவாக வேண்டும் என்றால் கொட்டை நீக்கிய கடுக்காய், தான்றிக்காய், நெல்லிமுள்ளி மூன்றும் சம எடை.

துவர்ப்பு என்றால் கட்டத்தானே வேண்டும், இது எப்படி இளக்குகிறது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கடுக்காயில் டானினோடு, நிலாவரையில் இருப்பதைப் போன்ற ஆந்திரக்குயினோன் வகைப் பொருள்களும் சிறிதளவு இருப்பதாகக் கண்டிருக்கிறார்கள், குடலை அசைப்பவை அவை. எது முந்தும் என்பது பக்குவத்தையும் அளவையும் பொறுத்தது. மென்று தின்றால் பசி எடுக்கும், பொடியாக உண்டால் இளக்கும், வேகவைத்து உண்டால் கட்டும் என்று பழைய வைத்திய மரபே பிரித்துச் சொல்கிறது. இளக்குவதற்குக் கூடுதல் வலு வேண்டும் என்றால் பிஞ்சுக்கடுக்காயை விளக்கெண்ணெயில் உப்பி வரும்வரை பொரித்துப் பொடிப்பார்கள். அதை வைத்தியர் சொல்லாமல் நீங்களாகச் செய்ய வேண்டாம்.

குழந்தைக்கு உரைமருந்தில் கடுக்காய் உரைத்துக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. என் கருத்து: கைக்குழந்தைக்கு எதையும் நாக்கில் தடவும் முன் குழந்தை மருத்துவரைக் கேளுங்கள். உரைகல்லின் அழுக்கும் சேர்ந்தே உள்ளே போகிறது.

யார் தொடக் கூடாது

கர்ப்பிணிகளுக்குக் கொடுப்பதில்லை, பழைய வைத்திய மரபும் தடுக்கிறது. பால் கொடுக்கும் தாய்மார், மிகவும் மெலிந்தவர்கள், பட்டினி விரதம் இருப்பவர்கள், வயிற்றுப்போக்கால் நீர் வற்றியவர்கள் தவிர்க்க வேண்டும். சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சர்க்கரை கூடுதலாக இறங்க வாய்ப்புண்டு. இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களும் மருத்துவரிடம் சொல்லாமல் தொடங்கக் கூடாது.

இரும்புச்சத்து மாத்திரை விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். இரத்தசோகைக்கு மாத்திரை வாங்கி வந்துவிட்டு, கூடவே உடம்புக்கு நல்லது என்று கடுக்காயும் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அன்னபேதி சோதனையில் டம்ளருக்குள் நடந்தது அவர்கள் வயிற்றுக்குள் நடக்கிறது: இரும்பை டானின் பிடித்துக்கொள்கிறது, உடம்புக்குச் சேருவது குறைகிறது. மாத்திரை எடுக்கும் காலத்தில் கடுக்காயை நிறுத்திவைப்பதே எளிது. முடியாதென்றால் மாத்திரை காலையிலும் கடுக்காய் இரவிலுமாக நன்றாக இடைவெளி விடுங்கள்.

மலத்தில் இரத்தம், திடீர் எடைக்குறைவு, தீராத வயிற்றுவலி இவற்றுக்குக் கடுக்காய் மருந்தல்ல. பண்ணைக்காட்டிலிருந்து வத்தலக்குண்டுக்குப் பேருந்து இருக்கிறது.

மருந்துக்கு வெளியே

வீடு கட்டுகிறவர்களாக இருந்தால் கடுக்காய் ஊறிய நீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்புச் சாந்து குழைக்கும் முறையைப் பழைய கொத்தனார்களிடம் கேட்டுப் பாருங்கள். திருச்சி, திண்டுக்கல் தோல் பதனிடும் தொழிலில் ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் நெடுங்காலமாக இருக்கிறது. அங்கே பிடிபடும் புரதம் தோலில் உள்ள கொல்லாஜன். மேல்மலையெங்கும் பரவி இன்று தொல்லையாகிவிட்ட வாட்டில் மரமும் இதே தோல் தொழிலின் பட்டைக்காக வெளிநாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டதுதான். கையெட்டும் தூரத்தில் கடுக்காய் நிற்கும்போது எங்கிருந்தோ ஒரு மரத்தைக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள் என்று சில நேரம் தோன்றும்.

துணிச்சாயம் போட ஆசைப்படுகிறவர்கள் பருத்தித் துணியைக் கடுக்காய்ப் பொடியும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து வெயிலில் காயவைக்கலாம். துணியில் ஓவியம் தீட்டும் கலம்காரிக்காரர்களின் தொடக்கப் படிகளில் ஒன்று இது. துணியில் ஏறிய டானின், மேலே வரையும் இரும்பு மையைப் பிடித்துக் கறுப்பாக்கும். பாலின் கொழுப்பும் புரதமும் மை பரவாமல் தடுக்கும். தலைச்சாயத்துக்கு நெல்லியோடும் கரிசாலையோடும் கடுக்காயை இரும்புச்சட்டியில் ஊறவைப்பதும் இதே கணக்கு. மருந்துக்கு ஆகாத இரும்புச்சட்டி அங்கே வேண்டியதாகிவிடுகிறது.

நட விரும்பினால்

விதை முளைப்பது மெதுவாகத்தான். சதையை முழுக்க நீக்கி, கொட்டையை உலர்த்தி, அகன்ற முனையில் உள்ளிருக்கும் பருப்புக்குக் காயம் படாமல் ஓட்டைச் சற்றே நறுக்கி, ஒன்றரை நாள் தண்ணீரில் ஊறவைத்துப் பையில் ஊன்றுங்கள். நறுக்காமல் போட்டால் முளைப்பு குறையும்.

காபிக்கு நடுவே முதன்மை நிழல்மரமாக நடாதீர்கள். காபிச்செடிக்கு நிழல் அதிகம் தேவைப்படும் மாசி, பங்குனியில் இது மொட்டையாக நிற்கும். சில்வர் ஓக்கும் பலாவும் அந்த வேலையைப் பார்க்கட்டும். கடுக்காய்க்கு வேலியோரமும் பாறைச் சரிவும் போதும், நல்ல வெயில் படவேண்டும். முதல் மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றி, கன்றைச் சுற்றி முள்கூண்டு வையுங்கள். மாடுகள் இதன் தழையை விரும்பித் தின்னும். கூண்டைத் தோள் உயரத்துக்குக் கட்டுங்கள், இடுப்பளவு கூண்டெல்லாம் காட்டுமாட்டுக்கு ஒரு தடையே இல்லை.